இஸ்திரிக்காரரின் கைவாகு

அந்தத் தெருவில் இஸ்திரிக்காரர் என்றால் அவர் ஒருவர்தான். நல்ல உயரம். கடைக்குள் நுழையும்போது குனிய வேண்டும் என்பது இத்தனை வருடத்துக்குப் பிறகும் அவருக்கு மறந்துபோகும். நிலையின் மேல்சட்டத்தில் ணங்கென்று ஒன்று வாங்கிக்கொண்டுதான் அன்றைய வேலையை ஆரம்பிப்பார். பக்கத்துக் கடை டெய்லருக்கு அந்தச் சத்தம்தான் கடிகாரம்.

உயரமாகப் பிறந்துவிட்டவருக்கு எந்த மேசையும் சரிப்பட்டு வராது. தொழிலுக்கு வந்த புதிதில் நாள் முழுக்கக் குனிந்து தேய்த்ததில் அவருக்கு முதுகு விட்டுப்போயிற்று. வைத்தியம், தைலம், பெல்ட் எல்லாம் பார்த்தாகிவிட்டது. கடைசியில் ஒருநாள் அவரே மேசையின் நாலு காலுக்கும் கீழே செங்கல்லை அடுக்கி, மேசையைத் தன் உயரத்துக்குத் தூக்கி வைத்தார். முதுகுவலி போன இடம் தெரியவில்லை. அன்றிலிருந்து அந்த மேசையின் மேல் அவருக்கு ஒரு பெருமை. யாராவது கை வலி, கழுத்து வலி என்று வந்தால், "உங்க மேசை சரியில்லீங்க" என்று ஆரம்பித்துவிடுவார். தலைவலி என்று சொன்னவரிடம்கூட அதையே சொன்னார்.

மேசையின் மேல் கம்பளி. ஒன்று கருகினால் அதை எடுத்துப் போடுகிற வழக்கம் அவரிடம் இல்லை. அதன் மேலேயே இன்னொன்றை மடித்து விரிப்பார், எல்லாவற்றுக்கும் மேலே வெள்ளைத் துணியை இழுத்துக் கட்டுவார். இப்படியே சேர்ந்து சேர்ந்து மேசை மெத்தென்று ஆகிவிட்டிருந்தது. தொழிலுக்கு அது நல்லதுதான். சட்டையைக் கவிழ்த்துப் போட்டால் பொத்தானும் தடித்த தையலும் கம்பளிக்குள் அமுங்கிக்கொள்ளும், பெட்டி தடங்கலில்லாமல் ஓடும். வாடிக்கைக்காரர்கள் அவர் தேய்த்த சட்டையைப் பிரித்துப் போடவே யோசிப்பார்கள்.

முதுகைக் காப்பாற்றிக்கொண்டாரே தவிர முட்டியைக் காப்பாற்ற முடியவில்லை. காலையிலிருந்து இருட்டும்வரை நின்றால் எந்த முட்டிதான் தாங்கும்? தரையில் உட்கார்ந்தால் எழுப்பிவிட ஒரு ஆள் தேவைப்பட்டது. அதனால் தரையில் உட்காருவதையே விட்டுவிட்டார். கேட்டால், "எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன்" என்பார். இந்த வீம்புதான் அவரிடம் எனக்குப் பிடிக்காதது. மற்றபடி மனிதர் தங்கம், ஒருவர் பொருளுக்கு ஆசைப்பட்டவர் இல்லை, குடி கிடையாது, பெண்டாட்டி மேல் கை நீட்டியதும் இல்லை. ஆனால் அவளை ஒரு பொருட்டாக மதித்தாரா என்று கேட்டால் அதற்கு வேறு பதில்தான் சொல்ல வேண்டும்.

ஒரே பெண். தவமாய்த் தவமிருந்து பிறந்தவள். பேசக் கற்றுக்கொண்ட நாளிலிருந்து வாய் மூடியதில்லை என்பதால் அவளுக்கு வீட்டிலும் தெருவிலும் வாயாடி என்றே பேராகிவிட்டது. பள்ளிக்கூடம் விட்டதும் நேராகக் கடைக்கு வருவாள். முக்காலியில் ஏறி உட்கார்ந்துகொண்டு அன்றைக்கு வகுப்பில் யார் அடி வாங்கினார்கள், யார் யாரோடு டூ விட்டார்கள் என்று ஒன்றுவிடாமல் ஒப்பிப்பாள்.

"அப்பா, ஊர்ச் சட்டைக்கெல்லாம் சுருக்கம் எடுக்கறியே, உன் மூஞ்சிக்கு எடுத்துக்கக் கூடாதா?"

"பெட்டி சூடாத்தான் இருக்கு. முதல்ல உன் வாயைத் தேச்சு மடிச்சு வைக்கறேன், வா."

"அம்மா, அப்பா என்னை மடிக்கறாராம்."

அம்மா சாப்பாட்டுத் தூக்கோடு வாசலில் நின்று சிரிப்பாள். சின்ன உருவம், சின்னக் குரல். அந்த வீட்டில் பேச்சு முழுவதையும் மற்ற இருவரும் எடுத்துக்கொண்டுவிட்டதால் அவளுக்கு மிச்சம் எதுவும் இருக்கவில்லை.

வாயாடி முதல்முறை விழுந்தது வகுப்பறையில். வெயிலில் நின்றிருப்பாள், சாப்பிடாமல் போயிருப்பாள் என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். இரண்டாம் முறை வீட்டு மாடிப்படியில் விழுந்து, கண் செருகி, உதடு நீலம் பூத்துப்போனபோதுதான் அள்ளித் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பெரிய ஆஸ்பத்திரியில் படம் எடுத்து, பட்டை பட்டையாக ஈ.சி.ஜி. கோடு எடுத்துப் பார்த்துவிட்டு டாக்டர் உட்கார வைத்துச் சொன்னார். இதயத்தில் ஓட்டை இல்லை, அடைப்பு இல்லை. துடிப்பை ஓட்டுகிற மின்சாரத்தில்தான் கோளாறு. திடீரென்று தாறுமாறாகத் துடிக்கும், அப்போது உடம்புக்கு ரத்தம் போகாது. இரண்டு தடவை தானாகச் சரியாகிவிட்டது, மூன்றாவது தடவை ஆகாமலும் போகலாம். நெஞ்சுக்குள் ஒரு சின்ன மெஷின் வைக்க வேண்டும், அதற்கு வரிசை இருக்கிறது, காத்திருக்க வேண்டும். அதுவரை தினமும் மாத்திரை.

"அதுக்குள்ள ஏதாவது ஆச்சுன்னா?" என்று கேட்டார் இஸ்திரிக்காரர்.

"ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் அவ உங்க கையிலதான் இருக்கா. நெஞ்சை அழுத்தி ரத்தத்தை ஓட்டணும். சொல்லிக் குடுத்துத்தான் வீட்டுக்கு அனுப்புவோம்."

சொல்லிக் கொடுத்தது ஒரு நர்ஸ். ஆஸ்பத்திரியின் மூலையில் ஒரு வெறும் அறை, தரையில் ஒரு பாய், பாயில் வாயாடி அளவுக்கே ஒரு ரப்பர் பொம்மை. குழந்தைகள் வார்டில் பெற்றவர்களுக்குப் பேர் கிடையாது. ஆணென்றால் அப்பா, பெண்ணென்றால் அம்மா. "அப்பா, நீங்க வாங்க முதல்ல" என்றாள் நர்ஸ்.

இஸ்திரிக்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு முட்டி போட்டார். உள்ளே ஏதோ நெறுக்கென்றது. முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை.

"உள்ளங்கையோட அடிப்பாகம் நெஞ்செலும்பு மேல. கையை மடக்காதீங்க. தோள் நேரா நெஞ்சுக்கு மேல வரணும். கை பலத்துல அழுத்தாதீங்க, உடம்பு பாரத்தை இறக்குங்க. நெஞ்சோட தடிப்புல மூணுல ஒரு பங்கு உள்ள போகணும், அழுத்தினதும் முழுசா விட்டுடணும். பயந்து பயந்து அழுத்தினா பிரயோஜனம் இல்ல."

அட, இதைத்தானே நாள் முழுக்கச் செய்கிறோம் என்று தோன்றியது அவருக்கு. சரியான ஆழம் போனால் பொம்மைக்குள் டக்கென்று ஒரு சத்தம் வரும். அவர் கை வைத்த முதல் அழுத்தலிலேயே டக் என்றது. அப்புறம் பிசிறே இல்லை, டக், டக், டக் என்று தையல் மெஷின் ஓடுகிற கணக்காக ஓடிற்று.

"அப்பா, இதுக்கு முன்னாடி எங்கயாவது கத்துக்கிட்டீங்களா?"

"தேய்க்கிற கை, சிஸ்டர்."

"நல்ல கைவாகு உங்களுக்கு."

அவ்வளவுதான், உச்சி குளிர்ந்துவிட்டது. போதும் என்று நர்ஸ் சொல்லியும் நிறுத்தவில்லை, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று அழுத்திக்கொண்டே இருந்தார். சிறிது நேரத்தில் டக் சத்தம் ஒன்று விட்டு ஒன்று வந்தது, அப்புறம் வரவே இல்லை.

"பொம்மை கெட்டுப்போச்சு போல, சிஸ்டர்."

நர்ஸ் சிரித்தாள். "பொம்மை நல்லாத்தான் இருக்கு. நீங்கதான் களைச்சுட்டீங்க."

"நானா? எனக்கு ஒண்ணும் களைப்பா இல்லையே."

"அதுதான் விஷயம். களைப்பு நமக்குத் தெரியறதுக்கு முன்னாடியே ஆழம் குறைஞ்சுடும். நல்லாத்தான் பண்றோம்னு நினைச்சுட்டே இருப்போம். அதனாலதான் ரெண்டு நிமிஷத்துக்கு ஒருதரம் ஆள் மாத்திக்கணும். எவ்வளவு பலசாலியா இருந்தாலும் சரி. அப்புறம் இன்னொண்ணு. கட்டில், மெத்தை, சோபா எதுவும் கூடாது. கெட்டியான தரையில போட்டுத்தான் பண்ணணும்."

இரண்டையும் அவர் ஒரு காதில் வாங்கி இன்னொரு காதில் விட்டார். காதில் நின்றது கைவாகு என்ற ஒரு சொல்தான்.

அடுத்து மனைவியின் முறை. அவள் அழுத்தினாள், பொம்மை வாய் திறக்கவில்லை. மறுபடி அழுத்தினாள். நெற்றியில் வேர்த்துக் கொட்டியது.

"அவ கொசு அடிச்சாலே கொசு எழுந்து போயிடும் சிஸ்டர்" என்றார் இஸ்திரிக்காரர்.

நர்ஸ் இதற்குச் சிரிக்கவில்லை. அந்த நேரம் பார்த்து வாடிக்கைக்காரர் ஒருவர் போன் செய்தார், கல்யாணப் பட்டு எப்போது கிடைக்கும் என்று. இவர் எழுந்து, சுவரைப் பிடித்து முட்டியை நிமிர்த்திக்கொண்டு, வெளியே போனார். அவர் வராந்தாவில் பேசிக்கொண்டிருந்த நேரத்தில் உள்ளே நர்ஸ் மனைவியின் பக்கத்தில் உட்கார்ந்தாள். முட்டியைப் பொம்மையை ஒட்டிக் கொண்டுவரச் சொன்னாள். முட்டியை அகட்டி வைக்கச் சொன்னாள், இடுப்பைத் தூக்கி முன்னால் சாயச் சொன்னாள். "உருவம் சின்னதா இருந்தா இன்னும் கிட்ட வரணும், அவ்வளவுதான். தூரத்துல இருந்து கை நீட்டினா யாருக்கும் வராது." தோள் நெஞ்சுக்கு நேர்மேலே வந்தது. டக் என்றது. மறுபடியும் டக். பயிற்சி முடிகிறவரை அவளுக்கு ஒன்றுகூடத் தவறவில்லை.

"எனக்கும் வந்துடுச்சு" என்று வராந்தாவில் சொன்னாள்.

"அப்படியா? சந்தோஷம்" என்றார். எழுதப் பழகுகிற பிள்ளையிடம் சொல்வது மாதிரி.

வீட்டுக்கு வந்த பிறகு அவள் விடவில்லை. மத்தியானம் வேலை ஓய்ந்ததும் தரையில் தலையணையைப் போட்டுக்கொண்டு, வாய்க்குள் எண்ணிக்கொண்டு பழகினாள். அவர் சாப்பிட வந்தவர் ஒருநாள் பார்த்துவிட்டார். "ஐயோ பாவம், அந்தத் தலகாணி உனக்கு என்ன துரோகம் பண்ணுச்சு?" என்றார். வாயாடிக்குக் கேட்க வேண்டுமா? அவளும் சேர்ந்துகொண்டு, "அம்மா தலகாணிக்கு வைத்தியம் பாக்கறாங்க" என்று தெருவெல்லாம் சொன்னாள். மூன்று பேரும் சிரித்தார்கள், அம்மாவும்தான். மறுநாளிலிருந்து அவள் தலையணையை எடுக்கவில்லை. கேலி என்பது லேசான காரியம் என்று நினைக்கிறவர்களை எனக்கு நாலு அறை அறையலாம் போலிருக்கும்.

அவரும் பழகிப் பார்க்காமல் இல்லை. கடைத் தரையில் முட்டி போட்டுப் பார்த்தார். போட முடிந்தது, ஆனால் சுருக்கென்று குத்தியதில் மனம் முழுக்க முட்டியிலேயே நின்றது. எழுவதற்கு மேசைக் காலைப் பிடிக்க வேண்டியிருந்தது. பிள்ளையின் உயிர் கையில் இருக்கும் நேரத்தில் இந்த முட்டி கவிழ்த்துவிட்டால்? அந்தப் பயம் நிஜமான பயம், அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் முட்டி ஒத்துழைக்காது, உனக்குத்தான் வரும் போலிருக்கிறது, நீ செய் என்று மனைவியிடம் சொல்லியிருந்தால் எல்லாம் தீர்ந்தது. அதைச் சொல்ல அந்த மனிதருக்கு வாய் வரவில்லை. அதற்குப் பதிலாக அவர் தன் மேசையைத் திரும்பிப் பார்த்தார்.

தலையணையை மேசை மேல் போட்டு அழுத்தினார். முட்டி வலி இல்லை, முதுகு நிமிர்ந்திருந்தது, கால் ஊன்றி நின்றது. கையும் நன்றாக இறங்கியது. அழுத்தினால் புஸ்ஸென்று கீழே போகிறது, விட்டால் மேலே வருகிறது. பொம்மையைவிட இதமாக இருந்தது.

இறங்கியது கம்பளி. வருடக்கணக்காகச் சேர்ந்த கம்பளி. அதன் மேல் ஒரு பிள்ளையைப் படுக்க வைத்து அழுத்தினால் பிள்ளை மொத்தமாகக் கீழே போய் மேலே வரும், நெஞ்சு உள்ளே போகாது. போதாததற்குச் செங்கல் மேல் நிற்கிற மேசை. ஒற்றைக் கையால் பெட்டியை ஓட்ட அது வாகான உயரம்தான். நெஞ்சுக்கு நேர்மேலே தோளைக் கொண்டுவர வேண்டுமானால் அதே உயரம் கையை மடக்கிவிடும், உடம்பின் பாரம் இறங்காது. தன் தொழிலில் அப்பழுக்கு இல்லாத ஒரு மனிதர், அந்தத் தொழில் கற்றுக்கொடுத்த சுகத்தையே நம்பி மோசம் போனார். வேறு யாராக இருந்தாலும் தரையில்தான் போட்டிருப்பார்கள்.

"அவளுக்கு ஏதாவதுன்னா இங்கதான் போடணும்" என்று மனைவியிடம் மேசையைத் தட்டிக் காட்டினார்.

"சிஸ்டர் தரையிலன்னு தானே சொன்னாங்க?"

"சிஸ்டருக்கு என் மேசையைத் தெரியுமா?"

எதற்கும் பேசாதவள் இதற்கும் பேசவில்லை.

அதற்குப் பிறகு வாயாடியை அவர் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்டார். மற்ற பிள்ளைகளோடு ஓட விடவில்லை, பள்ளிக்கூடத்துக்குத் தானே கொண்டுபோய் விட்டார், தானே கூட்டி வந்தார். மாத்திரையை மறந்த நாள் இல்லை. மேசையின் ஒரு முனையை எப்போதும் காலியாக வைத்திருப்பார், அந்த இடத்தில் ஒரு கைக்குட்டையைக்கூட வைக்க விடமாட்டார். டெய்லர் ஒருமுறை அங்கே டீ கிளாஸை வைத்துவிட்டு வாங்கிக் கட்டிக்கொண்டார். அந்தக் காலி இடம் எதற்கென்று தெரிந்த பிறகு டெய்லர் கண் கலங்கிப்போனார். அத்தனை பிரியம். பிரியத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

அது நடந்தது ஒரு சாயங்காலம். மறுநாள் பள்ளிக்கூடம் என்பதால் சீருடைகள் மலையாகக் குவிந்திருந்தன. மனைவி துணிகளை மூட்டை பிரித்துக்கொண்டிருந்தாள். வாயாடி முக்காலியில் உட்கார்ந்து, கணக்கு டீச்சர் கால் தடுக்கிய கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"அப்புறம் டீச்சர் எழுந்து, ஒண்ணுமே நடக்காத மாதிரி போர்டு பக்கம் திரும்பி..."

பேச்சு நின்றது. கடையில் சத்தம் இல்லாமல் போனதுதான் அவரைத் திரும்பிப் பார்க்க வைத்தது. பிள்ளை முக்காலியிலிருந்து பக்கவாட்டில் சரிந்துகொண்டிருந்தாள்.

பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு ஒரே எட்டில் பிடித்தார். கூப்பிட்டார், தோளைத் தட்டினார். அசைவு இல்லை, மூச்சு இல்லை. மனைவி அதற்குள் போனில் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுக் கடை அடையாளம் சொல்லிவிட்டாள். அவர் பிள்ளையைத் தூக்கி மேசையின் காலி முனையில் கிடத்தினார்.

"தரையில போடுங்க" என்றாள் மனைவி.

"சும்மா இரு."

"என்னங்க, தரையில..."

"சும்மா இருன்னு சொல்றேன்ல."

அழுத்த ஆரம்பித்தார். கை நன்றாக இறங்கிற்று. முப்பது முறை அழுத்தி நிறுத்தினார், மனைவி பிள்ளையின் வாயில் வாய் வைத்து மூச்சு ஊதினாள், நெஞ்சு லேசாக எழுந்தது. மறுபடி அழுத்தினார். மேசை அதிர்ந்தது, குவித்து வைத்திருந்த சீருடைகள் சரிந்து விழுந்தன. டெய்லர் ஓடிவந்து வாசலில் நின்றார், ஆம்புலன்ஸுக்கு வழி காட்டத் தெருமுனைக்கு ஓடினார்.

"நான் பண்றேன், தள்ளுங்க" என்றாள் மனைவி.

"உனக்கு வராது."

"களைச்சுட்டீங்க. சிஸ்டர் சொன்னாங்கல்ல, மாத்திக்கணும்னு. அவளை இறக்கிக் குடுங்க, நான் கீழ வெச்சுப் பண்றேன்."

"எனக்குக் களைக்கல."

அவர் சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. முழங்கை மடங்கி மடங்கி நிமிர்ந்தது. ஆனால் அவருக்குக் களைப்புத் தெரியவில்லை, அது சத்தியம். பிள்ளையின் உதட்டு நிறம் மாறிக்கொண்டே வந்தது. மனைவி மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்த உயரத்தில் பிள்ளையின் நெஞ்சுக்கு நேர்மேலே அவள் தோளைக் கொண்டுவர முடியாது. ஒருமுறை பிள்ளையின் காலைப் பிடித்து இழுக்கப் பார்த்தாள். அவர் முழங்கையால் அவளைத் தள்ளிவிட்டார். தள்ளிவிட்டதுகூட அவருக்குத் தெரிந்திருக்காது.

ஆம்புலன்ஸில் வந்த இளைஞன் வாசலில் ஒரு பார்வை பார்த்தான். எதுவும் கேட்கவில்லை. அவரை ஒதுக்கிவிட்டுப் பிள்ளையை அள்ளித் தரையில் கிடத்தினான், முட்டி போட்டான், கையை வைத்து அழுத்தினான்.

அப்போதுதான் இஸ்திரிக்காரர் பார்த்தார். அந்தக் கைக்குக் கீழே தன் பிள்ளையின் நெஞ்சு உள்ளே போவதைப் பார்த்தார். இவ்வளவு நேரம் தன் கைக்குக் கீழே அது அப்படிப் போகவே இல்லை. எவ்வளவு போக வேண்டும் என்று அவருக்குத் தெரியும், அவர்தான் பொம்மையை அப்படிப் பேச வைத்தவர். பின்னால் நகர்ந்து சுவரில் சாய்ந்துகொண்டார். அந்தப் பையனோடு வந்தவர் கையோடு கொண்டுவந்த மின்அதிர்ச்சிப் பெட்டியைத் திறந்து, பட்டைகளை நெஞ்சில் ஒட்டி, எல்லாரையும் விலகச் சொல்லி, அதிர்ச்சி கொடுத்தார். இரண்டாவது அதிர்ச்சியில் துடிப்பு திரும்பி வந்தது.

துடிப்பு வந்தது, வாயாடி வரவில்லை. தீவிர சிகிச்சை அறையில் குழாய்களுக்கு நடுவே கிடந்தாள், மெஷின் மூச்சு விட்டது. டாக்டர் அதே மாதிரி உட்கார வைத்துச் சொன்னார். இதயம் ஓடுகிறது, ஆனால் மூளைக்கு ரொம்ப நேரம் ரத்தம் போகவில்லை. எழுவாள் என்று நினைக்கவில்லை.

"வேற மாதிரி ஏதாவது பண்ணியிருந்தா?" என்று கேட்டார் இஸ்திரிக்காரர்.

"அதை யாராலும் சொல்ல முடியாதுங்க. எல்லாம் சரியாப் பண்ணியும் போன குழந்தைங்க இருக்கு."

ஆம் என்று சொல்லியிருந்தால் தலையில் அடித்துக்கொண்டு அழுதிருப்பார். இல்லை என்று சொல்லியிருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு மிச்ச காலத்தை ஓட்டியிருப்பார். இரண்டும் கிடைக்கவில்லை.

பயிற்சி கொடுத்த நர்ஸ் மறுநாள் கேள்விப்பட்டு வந்தாள். வராந்தா பெஞ்சில் அவர்கள் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்தாள். அவளுக்கும் அழுகை வந்தது. ஆறுதல் சொல்லத்தான் அவள் அந்தக் கேள்வியைக் கேட்டாள், குற்றம் பார்க்க அல்ல.

"தரையில போட்டுத்தானே பண்ணீங்க?"

இஸ்திரிக்காரர் வாயைத் திறந்தார். சொல்லிவிட வேண்டும் என்றுதான் திறந்தார். நேற்றிலிருந்து நெஞ்சை அடைத்துக்கொண்டிருப்பதை யாரிடமாவது கொட்டிவிட்டால் போதும் என்றிருந்தது.

"தரையிலதான் சிஸ்டர்" என்றாள் மனைவி. "மாத்தி மாத்திப் பண்ணோம். நீங்க சொன்ன மாதிரியே."

"அப்போ நீங்க செய்ய வேண்டியதெல்லாம் செஞ்சுட்டீங்க. அப்பா, கேளுங்க. இதுக்கு மேல யாராலயும் முடியாது. நானே இருந்திருந்தாலும் இதைத்தான் பண்ணியிருப்பேன்." அவருடைய இரண்டு கைகளையும் எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள். "நீங்க மனசைப் போட்டு உழப்பிக்காதீங்க."

அவர் தன் கைகளைப் பிடுங்கிக்கொள்ள முடியாமல் உட்கார்ந்திருந்தார்.

வாயாடி அந்த வாரமே போய்விட்டாள். வந்தவர்கள் எல்லாரும் ஒன்றையே சொன்னார்கள். பெற்றவங்க இரண்டு பேரும் போராடியிருக்காங்க, மாத்தி மாத்தி அழுத்தியிருக்காங்க, விதி, என்ன செய்ய. நர்ஸ் சொன்னது அப்படியே தெருவெல்லாம் பரவியிருந்தது. டெய்லர் மட்டும் எதுவும் சொல்லவில்லை. பிள்ளை மேசை மேல் கிடந்ததை வாசலிலிருந்து பார்த்தவர், வந்து ஒரு ஓரமாக உட்கார்ந்துவிட்டு எழுந்து போனார்.

கடை சில நாள் மூடிக் கிடந்தது. அப்புறம் திறந்தார், வேறு பிழைப்பு எதுவும் தெரியாது. எதிர்ப்படுகிறவர்கள் அவர் தோளைத் தட்டிக் கொடுத்தார்கள். தட்டுகிறபோதெல்லாம் உடம்பு கூசியது. வீட்டில் மனைவி எப்போதும் போலத்தான் இருந்தாள், சாப்பாடு போட்டாள், துணி துவைத்தாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள். கோபம் முகத்தில் தெரிந்திருந்தாலாவது கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும். ஒரு மத்தியானம், தட்டின் முன்னால் உட்கார்ந்தவர், சோற்றில் கை வைக்காமல் கேட்டார்.

"ஏன் அப்படிச் சொன்ன?"

எதை என்று அவள் கேட்கவில்லை. தண்ணீரை அவர் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

"என்னைக் காப்பாத்தறதுக்கா?"

"இல்ல."

"பின்ன?"

"உண்மையைச் சொன்னா ஊரே உங்களைத் திட்டும். அப்புறம் நான்தான் உங்களுக்காகப் பேசணும். அவருக்கு முட்டி முடியாது, அவரு பிள்ளை மேல உயிரா இருந்தாரு, வேணும்னே பண்ணலன்னு ஒவ்வொருத்தர்கிட்டயும் சொல்லிட்டு இருக்கணும். அது என்னால ஆகாது."

அவள் சத்தமே உயரவில்லை. அவர் தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அந்த வீட்டில் அவள் இவ்வளவு நீளமாகப் பேசி அவர் கேட்டதில்லை.

"நீயாவது என்னைத் திட்டிடு" என்றார். "வாய் விட்டுத் திட்டிடு. அடிச்சாலும் சரி."

"திட்டினா உங்களுக்கு ஆறிடும்" என்றாள்.

சொல்லிவிட்டு எழுந்து பாத்திரங்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். இன்றுவரை அவள் அவரை ஒரு வார்த்தை திட்டவில்லை.